ட்ரங்குப் பெட்டியில் இருநூறு படங்கள்: மியூசியத்துக்குக் கொடுக்கும் முன்

கேள்வி இதுதான்: "பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்து வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். பரணிலிருந்து இறக்கிய ட்ரங்குப் பெட்டியில் இருநூறு படங்களாவது இருக்கும். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர், பெரிய தாத்தா துறைமுகத்தில். கல்யாணம், சாவு, மில் குரூப் போட்டோ, யாரென்றே தெரியாத முகங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. மியூசியத்துக்குக் கொடுக்கலாமா? வாங்கிக்கொள்வார்களா? வடசென்னையின் பழைய படங்கள்தான் ஏற்கெனவே மியூசியங்களில் இருக்கின்றனவே, எங்கள் வீட்டுப் படத்தால் யாருக்கு என்ன?"

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. வடசென்னைப் படங்கள் மியூசியங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் நிறைய இருக்கின்றன. வடசென்னைக்காரர்கள்தான் அவற்றில் குறைவு. இருக்கிறவர்களுக்கும் பெயர் கிடையாது. பழைய படங்களுக்கு எண் போட்டு, உறை போட்டு அடுக்குகிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு, வெட்கமும் உண்டு. வெட்கம் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேமரா சென்னைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1850-ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் இந்தக் கலையிலும் ஆர்வம் கொண்டவர். 1856-ல் இங்கே போட்டோகிராஃபிக் சொசைட்டி ஒன்று தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். மெழுகு ஏற்றிய காகிதத்தையே நெகட்டிவாக வைத்துக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். மியூசியத்துக்கு வந்து சேர்ந்திருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் பிடித்தார். செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1860-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியதை ராயபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போட்டோகிராஃபிக் சொசைட்டியும் ரயிலும் ஒரே வருஷத்தில் ஊருக்கு வந்தன. ரயில் ராயபுரத்தில் நின்றது, கேமரா கோபுரங்களைத் தேடிப் போய்விட்டது.

அதற்குப் பின் வந்த ஸ்டூடியோக்காரர்கள், முதலில் நிக்கலஸ் கம்பெனி, பிறகு ஜெர்மன்காரர்கள் நடத்திய வீலே அண்ட் க்ளைன், வடசென்னைப் பக்கம் நிறையவே கேமராவைத் திருப்பினார்கள். காரணம் கடல். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் நடுக்கடலில் நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. வெள்ளைக்காரர்களுக்கு இதைவிட வேடிக்கை என்ன வேண்டும்? மசூலா படகு, கட்டுமரம், 1861-ல் கடலுக்குள் நீட்டிப் போட்ட இரும்புப் பாலம் எல்லாவற்றுக்கும் படம் உண்டு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர் புயல் அதுவரை கட்டியதைச் சிதைத்துப் போட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. எரிந்த தொட்டிகளின் படங்களை இன்றும் பார்க்கலாம். (கெட்டிக்காரனை "சரியான எம்டன்டா" என்று நாம் சொல்வது அந்த ஒரு ராத்திரியின் மிச்சம்.)

இப்படி இருக்கிற படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவை பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியவனின் கண்ணில் பட்ட வடசென்னை. அந்த இரும்புப் பாலம், கிடங்கு, சர்க்கார் கச்சேரிக் கட்டடம், 1892-க்குப் பிறகு ஹைகோர்ட்டின் சிவப்புக் கூம்புகள். தொண்டியார்பேட்டைச் சந்துக்குள் நுழைந்து பார்த்த படம் அபூர்வம். இன்னொரு கூத்தும் உண்டு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுக்குப் பல விநாடிகள் வெளிச்சம் வேண்டும், நடந்து போகிறவன் அதில் பதியவே மாட்டான். கருப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) தெருவை எடுத்த ஆரம்பகாலப் படங்கள் சில ஆளே இல்லாமல் காலியாகத் தெரிவது அதனால்தான். உண்மையில் தெரு நிறைய ஜனம் இருந்திருக்கும். அசையாமல் நின்றவர்களும் வண்டியும் சுவரும் மட்டும் மிஞ்சினார்கள். வேலையாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் மங்கலான புகைபோல ஆகிவிட்டார்கள்.

சரி, அசையாமல் நின்றவர்களுக்காவது பெயர் கிடைத்ததா? எழும்பூர் மியூசியத்தை 1885 முதல் 1908 வரை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். 1909-ல் 7 தொகுதிகளாக அச்சேறிய அவருடைய ஆய்வில் படங்களும் உண்டு. படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. அவர் ஒருவர் மட்டும் இல்லை, அந்தக் காலத்து வழக்கமே அதுதான். "மெட்ராஸ் படகோட்டிகள்", "மீனவப் பெண்" என்ற மாதிரிதான் அட்டையில் எழுதுவார்கள். அந்த மீனவப் பெண்ணுக்குக் காசிமேட்டில் ஒரு வீடும் பெயரும் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். உங்கள் பெட்டியில் இருப்பவர்களைப் பற்றி அதெல்லாம் இன்றைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதி. அதனால்தான் உங்கள் வீட்டுப் படம் வேண்டும்.

இப்போது என் வெட்கக் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகள் நாற்பது ஐம்பது படங்களை ஒரு பழுப்புக் காகித உறையில் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி நான் அவற்றை விஷயவாரியாகப் பிரித்தேன். கப்பல் தனி, கல்யாணம் தனி, கட்டடம் தனி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அழகான புது உறையில் வைத்தேன். பழைய உறை கிழிந்து நைந்திருந்தது, குப்பையில் போட்டேன். ஆறேழு மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். "அப்பா உறைமேல எல்லாப் பேரையும் எழுதி வெச்சிருந்தாரே, அதைப் பார்த்துத்தான் நான் சொல்லணும்" என்றார். உறை இல்லை. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்ற வரிசையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேரை அவர் நினைவிலிருந்து சொன்னார். மற்றவர்கள் இன்றும் "அடையாளம் தெரியாத ஆண்கள், துறைமுகம்" என்றுதான் பதிவேட்டில் நிற்கிறார்கள். தர்ஸ்டன் காலத்தைக் குறை சொல்லும்போதெல்லாம் இந்த உறை எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

ஆகவே தம்பி, முதல் வேலை: பெட்டியைக் கொட்டிக் கலைக்காதீர்கள். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல். மேலிருந்து கீழாக எடுத்து, எடுத்த வரிசையில் எண் போடுங்கள். உறை, ரசீது, கட்டியிருந்த துணி, சுற்றியிருந்த நாளிதழ்க் காகிதம் எதையும் வீசாதீர்கள். நாளிதழில் தேதி இருக்கும். அந்தக் கட்டு அந்தத் தேதிக்குப் பிறகு கட்டியது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் படத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், இந்தத் தொழிலில் இருப்பவன் முதுகைப் பார்ப்பான். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் முகவரியைப் படியுங்கள். "சென்னை-13" என்று மட்டும் இருந்தால் ராயபுரம், "சென்னை-21" என்றால் உங்கள் பழைய வண்ணாரப்பேட்டை. 600 021 என்று ஆறு இலக்கமாக இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. பின்கோடு வந்தது அன்றைக்குத்தான். ரசீதோ விலைக்குறிப்போ இருந்தால் அதிர்ஷ்டம். அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், "ந.பை." என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். நயா பைசா என்ற பெயர் அந்த ஏழு வருஷம்தான் புழங்கியது. ஏழு வருஷத்துக்குள் ஒரு படத்தை அடைப்பது எங்கள் தொழிலில் பெரிய வெற்றி.

படத்துக்குள் தெருவோ கடையோ இருந்தால் பலகை எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். யானைத் துதிக்கை போட்ட பழைய 'லை', 'ணை', கொம்பு வளைந்த பழைய 'றா', 'னா' இருக்கிறதா? 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புது எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது என்று பொதுவாகச் சொல்லலாம். இரண்டு எச்சரிக்கை. பழைய பலகையை யாரும் உடனே மாற்றுவதில்லை, 1990-களிலும் துதிக்கை லை தொங்கிய கடைகளை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அதனால் கழகக் கொடி, கழகப் பலகை உள்ள படத்தில் புது எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்தது. உங்கள் பகுதி வீடுகளில் கூட்டப் படங்கள் கிடைப்பது இயல்பு, இந்தக் குழப்பமும் கூடவே வரும்.

தரையில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் ஒரு கண் வையுங்கள். மெட்ராஸில் மின்சார டிராம் 1895 மே முதல் 1953 ஏப்ரல் வரை ஓடியது. வண்டி தெரிந்தால் 1953-க்குள் என்று அடித்துச் சொல்லலாம். வெறும் தண்டவாளம் மட்டும் என்றால் வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நாள் கிடந்திருக்கும். மோட்டார் வண்டி எண் டி.என். என்று தொடங்கி இரண்டு இலக்கத்தோடு இருந்தால் 1989-க்குப் பிந்தியது.

காகிதமும் பேசும். மெல்லிய காகிதத்தை கனமான அட்டையில் ஒட்டியிருந்து, நிறம் பழுப்பு மஞ்சளாக இருந்தால் முட்டை வெண்கரு பூசிய பழைய பிரிண்டாக இருக்கலாம், 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. உங்கள் பெட்டியில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. ஓரத்தை அலை அலையாக வெட்டிய சின்னப் படங்கள் 1940 முதல் 60 வரை. சதுரமான சின்னப் படங்கள் கொத்தாகக் கிடைத்தால் உங்கள் வீட்டில் யாரோ ஆக்ஃபா க்ளிக் கேமரா வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். ஒரு ரோலுக்கு 12 படம், எல்லாம் சதுரம். அந்தக் கொத்தைப் பிரிக்கவே கூடாது. ஒரே நாள், ஒரே கை. நெகட்டிவ் ஓரத்தில் "இந்து" என்று அச்சிருந்தால் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. அங்கே உற்பத்தி 1967-ல்தான் தொடங்கியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு குண்டைப் போட வேண்டியிருக்கிறது. பிரிண்டுக்கு ஒரு தேதி, படத்துக்கு வேறு தேதி இருக்கலாம். சுவரில் மாலை போட்டுத் தொங்கும் கொள்ளுத்தாத்தா படம் பெரும்பாலும் அவர் இறந்த பிறகு ஸ்டூடியோவில் செய்தது. ஏதோ ஒரு குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்து, என்லார்ஜ் பண்ணி, நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து, கண்ணுக்கு வெளிச்சம் வைத்து, சில சமயம் அவர் ஆயுளில் போட்டிராத கோட்டையும் தோளில் வரைந்துவிடுவார்கள். தாத்தா கோட்டு போட்ட பெரிய மனிதர் என்று மூன்று தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, அதே தலை பனியனோடு நிற்கிற மூலப்படத்தை நான் எடுத்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் சந்தோஷப்படவில்லை. எனக்கென்னவோ பனியன் படம்தான் பிடித்திருந்தது.

மில் குரூப் போட்டோவுக்கு வருவோம். பெட்டியிலேயே மதிப்பு மிகுந்தது அதுவாக இருக்கலாம். பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் பெரம்பூர்ப் பக்கத்து வாழ்க்கையையே நூறு வருஷத்துக்கு மேல் சங்கு ஊதி நடத்தியவை. அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1996-ல் மில் மூடியது. பிறகு அந்தக் கட்டடங்கள் சினிமா ஷூட்டிங்குக்குத்தான் பேர்போயின. நிர்வாகத்தின் ஆண்டு மலர்களிலும் நூல்களிலும் எந்திரங்கள், முகப்பு, துரைமார் எல்லாம் அச்சாகியிருக்கும். மூன்றாம் வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் நெசவுப் பிரிவுத் தொழிலாளி யார் என்பதை உங்கள் வீட்டுப் பெட்டிதான் சொல்ல முடியும். அந்தப் படத்தைத் தட்டையாக வைத்து ஸ்கேன் செய்து, காகிதத்தில் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் போடுங்கள். மூலப்படத்தின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது.

அந்த அச்சை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போங்கள். ஆயா இல்லையென்றால் அத்தை, பக்கத்துத் தெருக் கிழவர், மில்லில் கடைசி வரை இருந்த யாராவது. இந்த வேலைக்கு அவசரம் உண்டு, மற்ற எதற்கும் இல்லை. வீட்டை இடிப்பதைக்கூட ஒரு மாதம் தள்ளலாம். கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. "இது யாரு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் "தெரியலப்பா, கண்ணு தெரியல" என்று வந்துவிடும். பொருளிலிருந்து தொடங்குங்கள். "இந்த நாற்காலி யார் வீட்டுது ஆயா?", "இந்தத் திண்ணை எந்தத் தெரு?", "அன்னைக்கு என்ன சமையல்?" என்று. என் அம்மாவிடம் அவருடைய கல்யாணப் படத்தைக் காட்டி நகையைப் பற்றிக் கேட்டேன். "அந்தச் சங்கிலி நம்முளுது இல்ல, எதிர் வீட்டம்மாவுது. போட்டோ முடிஞ்சதும் கழுத்துலேருந்து கழட்டிக் குடுத்துட்டேன்" என்றார். அதற்குப் பின் ஒரு மணி நேரம் அந்த எதிர் வீட்டம்மாவின் கதை. படத்தில் இல்லாத ஒரு பெண், படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

போனில் குரலைப் பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றால் அப்படியே எழுதி, பக்கத்தில் ஸ்டான்லி என்று குறியுங்கள். மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்றும், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொன்ன தலைமுறை அது. நீங்கள் திருத்தினால் சொல் போய்விடும். இரண்டு பேர் ஒரே தலைக்கு இரண்டு பெயர் சொன்னால் சண்டை வேண்டாம், இரண்டையும் யார் சொன்னது என்று சேர்த்துக் குறியுங்கள்.

சில படங்கள் தயக்கம் தரும். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பம் நிற்கிற படம் கட்டாயம் இருக்கும். இன்றைய பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் பல வீடுகளில் அந்த மனிதருக்கு ஆயுளில் எடுத்த ஒரே படம் அதுதான், குடும்பம் முழுக்க ஓரிடத்தில் கூடிய ஒரே தருணமும் அதுதான். கிழிக்காதீர்கள். சடங்கு சுற்றிய பெண்ணைக் கண்ணாடிக்கு முன் உட்காரவைத்து, முகமும் பூ வைத்த ஜடையும் ஒரே படத்தில் தெரிய எடுத்ததும் இருக்கும். அந்தப் பெண் இன்று உயிரோடு இருக்கிற ஒரு பாட்டி. அவரைக் கேட்காமல் அந்தப் படம் வீட்டைவிட்டுப் போகக்கூடாது. இது சட்டத்துக்காகச் சொல்வதில்லை, மரியாதைக்காகச் சொல்கிறேன்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம், அதிலும் கடலோரம். லேமினேஷன் செய்யாதீர்கள், அது படத்தை உயிரோடு புதைப்பது. பசை ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஆல்பம் வேண்டாம். அந்துருண்டையைப் படத்தோடு வைக்காதீர்கள். பின்னால் எழுத மெல்லிய பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு போடும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்கள். குங்குமமும் சந்தனமும் கண்ணாடிமேல் இருக்கும்வரை துடைக்கலாம், படத்தின்மேல் பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது, அதைத் தனியே பிரித்துக் காற்றோட்டமாக வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும். சின்னப் படத்துக்கு 600 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல்.

2015-லும் 2023-லும் வடசென்னையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் எத்தனை ஆல்பம் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களை அப்படியே காயவிட்டால் கல்லாகிவிடும். நல்ல தண்ணீரில் மெதுவாக நனைத்துப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். உடனே முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மீன் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அவகாசம் கிடைக்கும்.

இனி, எங்கே கொடுப்பது. 1851-ல் தொடங்கிய எழும்பூர் அரசு மியூசியம், 1948-ல் திறந்த கோட்டை மியூசியம், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மூன்றும் பெரிய இடங்கள். அரசு, ராணுவம், தொல்பொருள் சார்ந்த சேகரிப்பே அவற்றின் பலம். ரயில்வே சம்பந்தப்பட்ட படம் இருந்தால் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் 2002 முதல் இருக்கும் ரயில் மியூசியத்தில் விசாரிக்கலாம். அச்சு, பத்திரிகை, விளம்பரம் சார்ந்தவை என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை மட்டுமே குறிவைத்துத் திரட்டி ஸ்கேன் செய்த முயற்சி புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் நடந்தது. கோயில் படங்களே ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருக்கிற இடம், குடும்பப் படத்தின் அருமையையும் உணர்ந்திருக்கிறது. எதற்கும் முன்கூட்டிக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.

போனால் கேட்க வேண்டியது நான்கைந்துதான். பதிவேட்டில் எண் போட்டு ரசீது தருவீர்களா? படங்களைப் பிரிக்காமல் எங்கள் குடும்பத் தொகுப்பு என்றே ஒன்றாக வைப்பீர்களா? உறையும் குறிப்பும் குரல்பதிவும் கூடவே இருக்குமா? நாங்கள் வந்து பார்க்கலாமா? வெளியே யாருக்காவது பயன்படுத்தக் கொடுத்தால் பெயர் போடுவீர்களா? இதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். படத்தைக் கொடுப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுப்பது வேறு. நன்கொடைக் கடிதத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மியூசியத்துக்காரனே சொல்வது விநோதமாக இருக்கலாம். இருநூறையும் கொடுக்க வேண்டியதில்லை. மில், துறைமுகம், தெரு, கூட்டம், கடை முகப்பு உள்ளவை முப்பது நாற்பது தேறும். அவற்றின் மூலத்தைக் கொடுத்துவிட்டு நகலை வீட்டில் வையுங்கள். மற்றவற்றுக்கு மூலம் வீட்டில், நகல் அங்கே. கல்யாணப் படம் புது வீட்டுச் சுவரில் இருப்பதுதான் அழகு.

யாரென்றே தெரியாத முகங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றையும் ஒதுக்காதீர்கள். தனி உறையில் போட்டு, "பழைய வண்ணாரப்பேட்டை, தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி, பெயர் தெரியவில்லை, விசாரித்தது இன்னாரிடம், இந்தத் தேதி" என்று எழுதி வையுங்கள். தொண்டியார்பேட்டை ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை போட்ட அப்படி ஒரு படத்துக்கு, பதினோரு வருஷம் கழித்து வேறொரு குடும்பம் கொண்டுவந்த ஆல்பத்தில் ஜோடி கிடைத்தது. அதே திரை, அதே பூச்சாடி, அதே பையன், பக்கத்தில் அவன் அக்கா. அந்த ஆல்பத்தில் பெயர் எழுதியிருந்தது.